தங்கை மயங்கி விழவில்லை

தங்கை மயங்கி விழவில்லை என்பதுதான் படத் தணிக்கை மன்றத்தின் முக்கிய ஆட்சேபணை. விழுந்திருந்தால் படத்தை அனுமதிப்பதுபற்றி யோசித்திருக்கலாம் என்றார் தலைவர். குறைந்தபட்சம் கையிலிருந்த சூப்புச் சட்டியையாவது கீழே போட்டிருக்கலாம் என்றார்.

நான் லெவின்ஸ்கி படக் கம்பெனியின் சார்பில் போயிருந்தேன். என் பெயர் பாப்கே. படத்துக்கு நடுவே வருகிற வாசக அட்டைகளை எழுதுவது என் வேலை. "மறுநாள் காலை." "கடிதம் வரவில்லை." பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துப் பாதியில் போருக்குப் போனவனுக்கு ஏற்ற வேலைதான். லெவின்ஸ்கி தானே வந்திருக்க வேண்டும். சென்ற முறை வந்தபோது அவர் சிரித்துவிட்டார். மன்றம் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டது. நான் சிரிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

படத்தின் பெயர் 'மாடி வீட்டுக்காரர்'. எர்வின் என்ற கடிகாரக்காரனும் அவன் தங்கையும் கீழ்வீட்டில் இருக்கிறார்கள். மாடியில் வரைபடம் வரைகிற ஒருவன் குடிவருகிறான். அவனுக்கும் எர்வினுக்கும் காதல் உண்டாகிறது. ஆணும் ஆணும் காதலித்தால் நூற்று எழுபத்தைந்தாம் பிரிவின்படி சிறை. இதைத் தெரிந்துகொண்ட ஒருவன் மாதாமாதம் வந்து பணம் பறிக்கிறான். கொடுக்கப் பணம் இல்லாதபோது போலீசுக்குப் போகிறான். எர்வின் சிறைக்குப் போகிறான். திரும்பி வரும் நாளில் மழை. சிறை வாசலில் மாடி வீட்டுக்காரன் குடையோடு நிற்கிறான். அவ்வளவுதான் கதை. யாரும் மனம் திருந்தவில்லை. யார் தலையிலும் இடி விழவில்லை.

நாங்கள் படம் எடுத்த கோடையில் தணிக்கை கிடையாது. போரில் தோற்ற ஜெர்மன் பேரரசர் ஹாலந்துக்கு ஓடிப் போயிருந்தார், குடியரசு தணிக்கையை ஒழித்திருந்தது. மறு வருடம் குடியரசுக்கே சுதந்திரத்தைப் பார்த்துப் பயம் வந்து ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தது எங்கள் திரைப்பட நல்லொழுக்க மன்றம். ஓடிக்கொண்டிருந்த எல்லாப் படங்களும் திரும்பவும் பரிசோதனைக்கு வர வேண்டும். பிரதிகள், மூலச் சுருள் எல்லாவற்றையும் மன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும். மன்றம் வெட்டச் சொல்வது மூலச் சுருளிலும் வெட்டப்படும். வெட்டியது திரும்பி வராது.

தங்கையாக நடித்தவள் என் மனைவி ஹெட்விக். அவள் நடிகை இல்லை, கம்பெனியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நிஜ நடிகை டிராம் வேலைநிறுத்தத்தால் வந்துசேரவில்லை. லெவின்ஸ்கி இவளுக்கு ஒரு ஏப்ரனைக் கட்டி உள்ளே தள்ளிவிட்டார். பிப்ரவரியில் ஃப்ளூவில் போய்விட்டாள். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதில் அவள் கண்ணை மூடியிருக்கிறாள். கண்ணைத் திறந்தபடி அவள் இருக்கும் ஒரே இடம் அந்தச் சுருள்தான்.

இதை மன்றத்திடம் சொல்லக்கூடாது என்று லெவின்ஸ்கி எச்சரித்திருந்தார். படத்தில் நடித்தவர்களின் உறவினர் மன்றத்தின் முன் பேசக் கூடாது என்று விதி இருந்தது. நான் சொல்லவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு நான் யாரிடமும் அதிகம் எதையும் சொல்வதில்லை. கடிகாரம் பன்னிரண்டு அடித்தால் சாப்பிடுவேன். பசித்துச் சாப்பிட்ட ஞாபகம் இல்லை.

மன்றம் பழைய படை அதிகாரிகளின் உணவு விடுதியில் கூடியது. சுவரில் பேரரசரின் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாக இருந்தது. திரையைச் சரியாக அந்தச் சதுரத்தின்மேல் தொங்கவிட்டிருந்தார்கள். தலைவர் ஃபொன் ட்ரெஸ்டோ உள்ளே வந்ததும் அந்தத் திரையைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். பேரரசர் காலத்தில் நாடகங்களைத் தணிக்கை செய்தவர் அவர். குடியரசுக்கும் அனுபவசாலிகள் தேவைப்பட்டார்கள்.

அவருக்கு வலதுபுறம் மேஜரம்மா. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கணவர் மேஜராக இருந்தார். கணவர் இறந்துவிட்டார், பட்டம் உயிரோடு இருந்தது. இடதுபுறம் நரம்பு நிபுணர் பேராசிரியர் உல்பிரிக்ட். அவர் மடியில் ஒரு தோல் பெட்டி. பின்னால் தகரக் கூண்டுக்குள் படம் ஓட்டுகிற கூல்கெ. தலைவர் கைத்தடியால் தரையைத் தட்டினால் கூல்கெ படத்தை நிறுத்துவார்.

கைத்தடியின் முதல் தட்டு, கோடையிலும் பனி உள்ள ஓர் உள்ளரங்கில் எடுத்த பனிச்சறுக்குக் காட்சியில் விழுந்தது. எர்வின் தடுமாறுகிறான், மாடி வீட்டுக்காரன் கையைப் பிடித்துக்கொள்கிறான். விழாமல் இருக்கப் பிடிப்பதில் தவறில்லை என்று பேராசிரியர் ஒப்புக்கொண்டார். நின்ற பிறகு எதற்குப் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நீண்ட விவாதத்துக்குப் பின் கையைப் பிடிக்கும் பகுதி வெட்டப்பட்டது. இனிமேல் இரண்டு பேரும் விழுவார்கள். விழுவது ஒழுக்கத்துக்கு விரோதமல்ல.

அடுத்தது என் வாசக அட்டை. "நீ வந்தால் வீடு நிறைகிறது." இது யாரிடம் சொல்லப்படுகிறது என்று தலைவர் கேட்டார். மாடி வீட்டுக்காரனிடம் என்றேன். அதே வாக்கியத்தை ஒரு நாயிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். கதையில் நாய் இல்லை என்றேன். சேர்க்கலாமே என்றார் மேஜரம்மா. நாய் என்றால் வாக்கியத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றத் தேவையில்லை என்று மன்றம் பெருந்தன்மையாக அறிவித்தது.

பிறகு பணம் பறிப்பவன் வந்தான். நான் வெட்டுகளுக்குத் தயாரானேன். கைத்தடி அசையவில்லை. அவன் வந்த எல்லாக் காட்சிகளும் தடையில்லாமல் ஓடின. முடிந்ததும் தலைவர் எழுந்து நின்றார்.

"இந்தப் படத்துல கடமை தெரிஞ்ச ஒரே ஆளு இவருதான்" என்றார். "மாசம் பொறந்தா தவறாம வர்றாரு. வாசல்ல தொப்பியக் கழட்டுறாரு. சட்டம் என்ன சொல்லுதுன்னு ரெண்டு பேருக்கும் பொறுமையா ஞாபகப்படுத்துறாரு. அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுப் படுக்கையறைக்கும் போய் எட்டிப் பாக்க முடியுமா? இவரு மாதிரி ஊருக்கு நாலு பேரு இருக்கறதாலதான் அந்தச் சட்டம் நடக்குது. இல்லேன்னா அது வெறும் காகிதம்."

அவன் காலணியும் பளபளவென்று இருந்தது என்று மேஜரம்மா சேர்த்துக்கொண்டார்.

அவன் காசு வாங்குகிறானே என்று கேட்டேன். செலவு இருக்கும் இல்லையா என்றார் தலைவர்.

அப்புறம் ஹெட்விக் வந்தாள்.

இரண்டு பேரும் மேசையருகே உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைமேல் அண்ணனுக்கும் தங்கைக்குமாக இரண்டு தட்டு. எர்வினின் கைமேல் மாடி வீட்டுக்காரனின் கை. ஹெட்விக் சூப்புச் சட்டியோடு கதவைத் திறக்கிறாள். நிற்கிறாள். பார்க்கிறாள். இரண்டு கையிலும் சட்டி இருப்பதால் நெற்றி மயிரை மணிக்கட்டால் ஒதுக்குகிறாள். சட்டியை வைக்கிறாள். அலமாரிக்குப் போய் மூன்றாவது தட்டை எடுத்துவந்து வைக்கிறாள். தட்டின் விளிம்பில் ஒரு சில் உடைந்திருக்கிறது. விருந்தாளியின் கண்ணில் படாதபடி அதைத் திருப்பி வைக்கிறாள். அது யாரும் சொல்லிக்கொடுத்த நடிப்பு இல்லை. வீட்டிலும் அப்படித்தான் வைப்பாள்.

கைத்தடி மூன்று முறை தட்டியது.

"நானா இருந்தா அலறியிருப்பேன்" என்றார் மேஜரம்மா.

"பாருங்க பாப்கே" என்றார் தலைவர். "சட்டம் ஜெயில்ங்குது. இந்தப் பொண்ணு தட்டுங்குது. ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும்."

காட்சியைத் திரும்ப எடுங்கள் என்பது அவருடைய யோசனை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒருமுறை மயங்கி விழச் சொன்னால் போதும். அவர் இறந்துவிட்டார் என்றேன். வெட்கத்தாலா என்று மேஜரம்மா விசாரித்தார். ஃப்ளூவால் என்றேன். மன்றம் வருத்தம் தெரிவித்தது. மயங்கி விழுவதற்கு இனி வாய்ப்பில்லாததால் உள்ள முகத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்றும் தெரிவித்தது.

பேராசிரியர் அந்த முகத்தை எழுந்து அருகே போய்ப் பார்த்தார். விளக்கின் சூட்டில் சுருள் பற்றிக்கொள்ளும் என்று கூல்கெ கத்தியதும் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆபத்து தட்டில் இல்லை, முகத்தில் இருக்கிறது என்றார். அந்த முகத்தில் இருப்பது ஆழ்ந்த கனிவு. கனிவு தொற்றக்கூடியது. ஆனால் இதை நிரூபிக்க வேண்டும். ஒரு படம் சராசரி மனிதனை எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. எனவே ஒரு சராசரி மனிதன் வேண்டும்.

மன்றத்திடம் ஒரு சராசரி மனிதர் இருந்தார். இருநூறு படம் பார்த்ததில் அவர் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நீக்கிவிட்டார்கள். புதியவர் கிடைக்கவில்லை. போருக்குப் பிறகு பெர்லினில் இரண்டு கால், இரண்டு கண், இரண்டு கை எல்லாம் உள்ள ஆள் சராசரிக்கு மிக மேலே போய்விட்டான்.

தலைவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வயது கேட்டார். மதம் கேட்டார். படிப்புக் கேட்டார். பாதியில் நின்ற படிப்பு என்றதும் மூன்று பேரும் தலையசைத்தார்கள்.

நான் கம்பெனியின் ஆள், என்னை எப்படிச் சோதிக்கலாம் என்று கேட்டேன். தலைவர் இதை முன்பே யோசித்திருந்தவர்போல எனக்கு அருகில் இன்னொரு நாற்காலியைப் போடச் சொன்னார். பழைய நாற்காலியில் உட்கார்ந்தால் நான் கம்பெனி. புதிய நாற்காலியில் உட்கார்ந்தால் நான் பொதுமக்கள். கம்பெனி பேச விரும்பினால் பொதுமக்கள் எழுந்து இடம் மாற வேண்டும். இரண்டு நாற்காலிக்கும் நடுவே நின்றுகொண்டு எதுவும் பேசக்கூடாது.

நான் பொதுமக்களானேன். பேராசிரியர் தோல் பெட்டியைத் திறந்து என் மணிக்கட்டில் ஒரு வாரைக் கட்டினார். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் ஒரு முள், முள்ளுக்குக் கீழே கரி பூசிய உருளை. என் நாடி ஏறினால் முள் ஏறும். நாடி ஏறினால் கனிவு தொற்றிவிட்டது என்று பொருள். காட்சி போகும்.

அதாவது அவளைப் பார்க்க வேண்டும், ஒன்றும் ஆகக் கூடாது.

பிப்ரவரியிலிருந்து எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அடக்கம் செய்த அன்று பாதிரியார் என் தோளைத் தட்டி நீ தைரியசாலி என்றார். அது தைரியம் இல்லை. உள்ளே மரத்துப்போனதற்கு மன்றத்து அறையில்தான் முதல்முறையாக ஒரு பயன் இருந்தது.

படம் ஓடியது. கதவு, சட்டி, மணிக்கட்டு, அலமாரி, தட்டு. முள் அசையவில்லை. திரும்ப ஓட்டச் சொன்னார்கள். கதவு, சட்டி, மணிக்கட்டு. மூன்றாம் முறை பேராசிரியர் உருளை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் கையில் கட்டிக்கொண்டார். முள் ஏறியது. மேஜரம்மாவின் கையில் கட்டினார். அவருக்கும் ஏறியது. என் கைக்குத் திரும்ப வந்ததும் நேர்கோடு.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கூண்டுக்குள்ளிருந்து கூல்கெகூட எட்டிப் பார்த்தார்.

பேராசிரியர் உருளையைத் தலைவரிடம் காட்டி ஏதோ முணுமுணுத்தார். தலைவர் தன் நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் தூரமாக நகர்த்திக்கொண்டார்.

"திரையில ஒரு அழகான பொண்ணு வந்துச்சு. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"குறிப்பா எதப் பாத்தீங்க?"

"தட்டத் திருப்பி வெச்சத."

"தட்ட."

"ஆமா."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளம்பெண் எதிரே நிற்கும்போது பாத்திரம் பண்டத்தைப் பார்க்கிற இளைஞன் சராசரி அல்ல என்று பேராசிரியர் விளக்கினார். நாடி ஏறியிருந்தால் காட்சி ஆபத்தானது. ஏறாததால் நான் ஆபத்தானவன். நூற்று எழுபத்தைந்தாம் பிரிவு மீறப்படுகிற இடங்களில் இப்படிப்பட்ட நேர்கோடுகளைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். எங்கே பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று தலைவர் கேட்டார். ஆகிவிட்டது என்றேன்.

"உங்க இந்தப் போக்கப் பத்தி வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்றதில்ல."

"பாவம்" என்றார் மேஜரம்மா.

நான் எழுந்து கம்பெனி நாற்காலிக்கு மாறினேன். வாரும் குழாயும் கூடவே வந்தன. எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அந்த முகத்தில் இருப்பது கனிவே இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

அது பசி என்றேன். படம் எடுத்த கோடையில் ஊரில் ஒன்றும் கிடைக்கவில்லை. மாட்டுக்குப் போடுகிற டர்னிப் கிழங்கைத் தின்றுதான் எல்லோரும் உயிரோடு இருந்தோம். சட்டியிலிருந்து ஆவி எழுவது தெரிய வேண்டும் என்பதற்காக லெவின்ஸ்கி எங்கேயோ சொல்லி உண்மையான சூப்பு வரவழைத்திருந்தார். அந்தப் பெண் கதவைத் திறக்கும்போது ஆவி அவர் முகத்தில் அடித்தது. அவர் நின்றது அதனால்தான். அவர் கண் அந்த இரண்டு பேர்மேல் இல்லை. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் சட்டியைத்தான் பார்க்கிறார் என்று தெரியும்.

யாரும் சொல்லாமலே கூல்கெ காட்சியைத் திரும்ப ஓட்டினார். உண்மைதான். சட்டியைத்தான் பார்த்தாள்.

மூன்று பேரும் சட்டியைப் பார்த்தார்கள்.

"என்ன சூப்பு?" என்று மேஜரம்மா கேட்டார்.

"உருளைக்கிழங்கு. பன்னிக் கொழுப்பு போட்டது."

மேஜரம்மா கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் சூப்பைப் பார்த்தார் என்பது கம்பெனிக்கு எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்டார். அவரே சொன்னார் என்றேன். யாரிடம் என்றார். என்னிடம் என்றேன்.

"எப்ப?"

"வீட்டுல. சாப்பிடும்போது."

மேஜரம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் என் கையிலிருந்த வாரைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். சட்டத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று தலைவர் புரட்டிப் பார்த்தார். உறவினர் பேசக் கூடாது என்று இருந்தது, பேசி முடித்த உறவினரை என்ன செய்வது என்று இல்லை.

"நீங்க கம்பெனியும் இல்ல, பொதுமக்களும் இல்ல" என்றார். "புருஷன். புருஷனுக்கு இந்த அறையில நாற்காலி கிடையாது. எழுந்திருங்க."

எழுந்தேன். பேராசிரியர் வாரை அவிழ்த்துக்கொண்டார். மற்றதையெல்லாம் நின்றபடி கேட்டேன்.

பசி என்றால் நிலைமை இன்னும் மோசம் என்றார் தலைவர். கனிவு உள்நாட்டு ஒழுக்கத்தை மட்டும்தான் கெடுக்கும். பசி, நாட்டின் மானத்தைக் கெடுக்கும். இந்தப் படம் நாளை பாரிசில் ஓடினால், ஜெர்மானியப் பெண் சூப்பை எப்படிப் பார்க்கிறாள் என்று பிரெஞ்சுக்காரன் பார்த்துக்கொள்வான். சட்டத்தில் அதற்கும் ஒரு வாசகம் இருந்தது. ஒரே முகம் இரண்டு வாசகங்களை மீறலாமா என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. கனிவு என்றார் பேராசிரியர். பசி என்றார் தலைவர். மேஜரம்மா இரண்டுக்கும் கை தூக்கினார். பெரும்பான்மைப்படி இரண்டும் தடை செய்யப்பட்டன.

தங்கை கதவைத் திறப்பதிலிருந்து தட்டை வைப்பதுவரை வெட்டச் சொன்னார்கள். கூல்கெ கூண்டுக்குள்ளேயே வெட்டி ஒட்டினார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. சிறிய சத்தம்தான். பிறகு, மீதி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஓட்டினார்கள். மேசைமேல் இரண்டு தட்டு. கண் சிமிட்டும் நேரத்தில் மூன்று தட்டு, நடுவில் ஆவி பறக்கும் சட்டி. கொண்டுவந்தவர் யாரும் இல்லை.

"தட்டு தானா வருதே" என்றார் மேஜரம்மா.

தலைவர் யோசித்தார். "தானா வர்ற தட்டுக்கு யாரும் பொறுப்பில்ல" என்றார். "அனுமதிக்கலாம்."

படத்தின் பெயரைக் 'கடமை' என்று மாற்றவும், பணம் பறிப்பவனின் பெயரை விளம்பரத்தில் முதலில் போடவும் சொல்லிவிட்டு மன்றம் சாப்பிடப் போனது. குடைக் காட்சியை அவர்கள் தொடவில்லை. அதில் மழை பெய்தது, குடை பயனுள்ள பொருள்.

வெட்டிய துண்டு மன்றத்தின் இரும்பு அலமாரிக்குப் போக வேண்டும். அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கூல்கெயிடம் கேட்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தன் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"அலமாரிக்குப் போக வேண்டியது அலமாரிக்குப் போயாச்சு, டாக்டரே" என்றார். முடிக்காத படிப்புக்கு அவர் எனக்குக் கொடுத்த பட்டம் அது. "ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு வீட்டுக்கு வாங்க. மோவாபிட்டுப் பேட்டை. மூணாவது முற்றம், நாலாவது மாடி. நானும் ஆர்தரும் இருப்போம்."

ஆர்தர் யார் என்று கேட்டேன்.

"டிராம் கண்டக்டர். வாடகைய மிச்சம் பண்றதுக்காக ஒண்ணா இருக்கோம். போருக்கு முன்னாடியிருந்து மிச்சம் பண்றோம். எவ்வளவு சேந்திருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் கேக்கல." டப்பாவைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார். "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. வந்தா வாசப்படியிலயே நின்னு பேசிட்டுப் போயிருவா. இருபது வருஷமா படம் ஓட்டறேன் டாக்டரே, ஒருத்தி உள்ள வந்து தட்டு எடுத்து வெச்சு இன்னிக்குத்தான் பாத்தேன். அத நான் கத்தரிக்கணுமாம்."

துண்டு டப்பாவுக்குள் போனது தெரிந்தால் வேலை போகும், அதன் பிறகு வீட்டை வந்து பார்ப்பார்கள், பார்த்தால் இரண்டு பேரும் எங்கே போவார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த வாரமே படம் மறுபடி வெளியானது. தணிக்கை செய்யப்பட்ட 'கடமை'யை மோவாபிட் கொட்டகையில் போய்ப் பார்த்தேன். இரண்டு ஆண்கள் காரணமில்லாமல் பனியில் விழுந்தார்கள், கூட்டம் சிரித்தது. பணம் பறிப்பவன் வந்தபோது யாரோ ஆப்பிள் தோலை எறிந்தார்கள். அப்புறம் தட்டு தானாக வந்தது. முன்வரிசைகள் கொட்டகைக்காரனைத் திட்டின. கடைசி வரிசையில் மட்டும் கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். வருகிற தட்டு யாருக்கு என்று அவர்களுக்கு வாசக அட்டை தேவைப்படவில்லை. சனிக்கிழமை போனபோது கடைசி வரிசை இரண்டு வரிசையாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது முற்றம், நாலாவது மாடி ஏறினேன். கூல்கெ முன்னறைத் திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தார். மேசைமேல் இரண்டு தட்டு இருந்தது. பக்கத்தில் குழந்தைகள் கிறிஸ்துமசுக்குக் கேட்கிற தகரப் படக்கருவி, கையால் சுற்றுவது. கணப்புக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியைத் திரையாக ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். சுருளின் இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கியிருந்தார்.

ஆரம்பிப்பதற்கு முன் மன்றத்துச் செய்தி சொன்னார். ஹெட்விக்கின் துண்டுக்குப் பதிலாக இரும்பு அலமாரியில் அவர் போட்டு வைத்தது, ஏதோ ஒரு பழைய படத்தில் மிஞ்சிய பூங்கா வாத்துகளின் துண்டு. வெள்ளிக்கிழமை புதிய உறுப்பினர் ஒருவர் சேர்ந்தார். எவையெல்லாம் நாட்டைக் கெடுக்கும் என்று அவருக்குக் காட்ட அலமாரியைத் திறந்தார்கள். குளத்தில் இரண்டு வாத்துகள் மெதுவாக நீந்தின. மன்றம் திகைத்தது. இது ஏன் தடை செய்யப்பட்டது என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆனால் அலமாரியில் இருப்பதால் காரணம் இருந்தே ஆக வேண்டும். பேராசிரியர் எழுந்து அருகே போய்ப் பார்த்தார். இரண்டுமே ஆண் வாத்துகள் என்றார்.

"உடனே பூட்டிட்டாங்க. இப்ப ரெண்டு முத்திரை" என்றார் கூல்கெ.

லெவின்ஸ்கி அங்கே இருந்திருந்தால் இரண்டாவது முறையும் அவமதிப்பு செய்திருப்பார். எனக்கும் வாயின் ஓரம் லேசாக இழுத்தது.

கூல்கெ கைப்பிடியைச் சுற்றினார். துணியின் சுருக்கத்தில் ஹெட்விக் கதவைத் திறந்தாள். கண் திறந்திருந்தது. சட்டியைப் பார்த்தாள். தட்டை வைத்தாள். வைத்து முடித்ததும் மறுபடி கதவைத் திறந்தாள். மறுபடி வைத்தாள். வளையம் நிற்கவில்லை. அவளுக்கு அலுக்கவும் இல்லை.

அப்போது நிஜக் கதவு திறந்தது. கண்டக்டர் கால்சட்டையும் ஏப்ரனுமாக ஒரு பெரிய ஆள், இரண்டு கையிலும் சட்டியோடு நின்றார். நான் வருவதை அவரிடம் சொல்ல கூல்கெ மறந்திருந்தார். தன் வீட்டு இருட்டில் தெரியாத ஆள் ஒருவன். அந்த வீட்டில் தெரியாத ஆள் என்றால் ஒரே ஒரு பொருள்தான். ஆர்தரின் முகம் வெளுத்துவிட்டது.

"யோவ், இது யாரு?" என்றார் மெதுவாக.

கூல்கெ சுற்றுவதை நிறுத்தாமல் துணியைத் தாடையால் காட்டினார். "அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரு."

ஆர்தர் துணியைப் பார்த்தார். ஹெட்விக் அலமாரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தார். சட்டியை மேசையில் வைத்தார். பிறகு அலமாரிக்குப் போய் இன்னொரு தட்டை எடுத்து, ஏப்ரனால் துடைத்து, எனக்கு முன்னால் வைத்தார்.

ஆவி முகத்தில் அடித்தது. உருளைக்கிழங்கு. பன்றிக் கொழுப்பு.

நான் சட்டியைப் பார்த்தேன். பேராசிரியர் பக்கத்தில் இருந்திருந்தால் ஆழ்ந்த கனிவு என்று சொல்லியிருப்பார். கடிகாரம் இன்னும் பன்னிரண்டு அடிக்கவில்லை. எனக்குப் பசித்தது.